முகத்தில் சிரிப்பு, மனதில் கணக்கு: நண்பனிடம் இப்படிப் பழகுவதும் பொய்தானே?

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, இரவு 9.50)

நெல் விலை, உர விலை தவிர இங்கே நான் வேறு எதுவும் எழுதியதில்லை. இது வேறு விஷயம். படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

நீடாமங்கலம் பக்கம் எனக்கு ஆறு மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா ஒரு ஏக்கர். எனக்கு ஒரு நண்பன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர்கள் வீட்டில் மாடு உண்டு, எங்கள் வீட்டில் இல்லை. அதனால் மோர் அங்கே, பாடப் புத்தகம் இங்கே என்று வளர்ந்தோம். மடை அடைக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். வைக்கோலை இரண்டு முறுக்கு முறுக்கிப் பிரியாக்கி, களிமண்ணில் புரட்டி, மடை வாயில் குறுக்கே வைத்து மிதித்து, நுனியை உள்ளே செருக வேண்டும். எல்லாரும் வலது பக்கம் செருகுவார்கள். அவன் இடது பக்கம் செருகுவான், இடக்கைக்காரன்.

2016 எல்லாருக்கும் நினைவிருக்கும். மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20. குறுவை போயே போச்சு, சம்பாவாவது பிழைக்கும் என்று நட்டோம். வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. கார்த்திகைக் கடைசியில் எங்கள் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஊர் கூடி முறை வைத்தோம்: மேலண்டைக்கு மூன்று ராத்திரி, எங்களுக்கு மூன்று ராத்திரி. பயிர் தொண்டைக் கதிரில் நிற்கிறது. அந்த ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல்.

அந்த வாரம் அம்மாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். பகலெல்லாம் அங்கே, ராத்திரி வந்து மடை காக்க வேண்டும். மூன்றாம் ராத்திரி அவன் வந்தான். "நீ படு மாப்ள, ரெண்டு நாளா கண்ணை மூடல. மடையை நான் பாத்துக்கிறேன்" என்றான். படுத்தேன்.

விடியற்காலை நாலு மணிக்கு முழிப்பு வந்து டார்ச் எடுத்துக்கொண்டு போனால், எங்கள் வாய்க்காலில் சேறுதான் மினுங்குகிறது. மேலே நடந்தேன். நடு மடை அடைத்திருந்தது. தண்ணீர் முழுக்க மேலண்டைப் பெரிய நிலத்துக்காரர் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடைப்பில் ஈரம் காயவில்லை, களிமண்ணில் விரல்கள் பதிந்திருந்தன. பிரியின் நுனி இடது பக்கம் செருகியிருந்தது.

பிடுங்கிவிட்டேன். ஆனால் அதற்குள் பொழுது விடிந்து எங்கள் முறை முடிந்தது. அடுத்த முறை வருவதற்குள் வாய்க்காலே நின்றுபோனது. ஆறு மாவில் எட்டு மூட்டை கண்டேன். மீதி எல்லாம் சாவி, வெறும் பதர். அன்று காலை அவன் என்னிடம் சொன்னது: "தண்ணி வரத்தே சரியில்ல மாப்ள, ராத்திரி முழுக்க நின்னேன்."

அப்புறம் கொஞ்ச நாளில் அவன் ஒரு பதவிக்கு வந்தான். மேலண்டைக்காரர் ஆதரவில்தான். என்ன பதவி என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், அவன் கெட்டவன் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது, வாசலில் தென்னை விழுந்து கிடக்கிறது. முதல் ஆளாக அரிவாளோடு வந்தவன் அவன்தான். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் அம்மாவுக்குக் குடிதண்ணீர் கேனைத் தோளில் தூக்கி வந்தான். அம்மா சாகும்வரை அவனைத்தான் "என் மூத்தவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் கொள்முதல் நிலையத்தில் என் மூட்டைகள் நாலு நாள் பனியில் கிடக்காமல் போவது அவன் ஒரு வார்த்தை சொல்வதால்தான். நானும் சிரித்துப் பேசுகிறேன். தோளில் கை போடுகிறான், போட விடுகிறேன். உள்ளே மட்டும் அந்தப் பிரி நுனி அப்படியே செருகிக் கிடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த குறள் ஒன்று, "முகநக நட்பது நட்பன்று நெஞ்சத்து அகநக நட்பது நட்பு." அப்படியானால் என் சிரிப்பு நட்பில்லை. நட்பில்லாத சிரிப்பை எட்டு ஒன்பது வருஷமாக ஒருவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், இப்போது ஏமாற்றுகிறவன் நானா, அவனா?

சாக்குமூட்டை (ஞாயிறு, 10.15)

அண்ணே, மூட்டை சீக்கிரம் ஏறுதா இல்லையா? ஏறுது. அப்ப சிரிங்க. சிரிப்புக்கு ஜிஎஸ்டி இல்லை.

தமிழையா மாயவரம் (திங்கள், காலை 6.20)

நல்ல கேள்வி. தம்பி சொன்ன குறள் 786. அதோடு நிற்கக் கூடாது, ஏனென்றால் வள்ளுவரே இன்னோர் இடத்தில் நேர் எதிராகச் சொல்கிறார்:

பகைநட்பாம் காலம் வருங்கால் முகநட்டு
அகநட்பு ஒரீஇ விடல்.

830-ஆம் குறள். முகத்தால் நட்புக் காட்டு, அகத்தால் விலகு என்கிறார். வகுப்பில் வருஷா வருஷம் எவனாவது ஒரு பையன் எழுந்து கேட்பான்: "ஐயா, அங்கே முகநட்பு தப்பு என்கிறார், இங்கே முகத்தால் நட்புக் கொள் என்கிறார், எது சரி?" கேட்கிற பையனுக்கு அந்த வருஷம் நான் ஐந்து மதிப்பெண் கூடப் போட்டுவிடுவேன்.

நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களும், 79 முதல் 83 வரை, பொருட்பாலில் இருக்கின்றன. அரசு, அமைச்சு, படை, அரண் என்று பேசி வந்தவர் அந்த வரிசையில்தான் நட்பையும் வைக்கிறார். அவருக்கு நட்பு என்பது வெறும் உள்ளத்து உணர்ச்சி இல்லை, அதிகாரத்தின் ஓர் உறுப்பு. 830 வருவது "கூடா நட்பு" அதிகாரத்தில். அங்கே எதிரே நிற்பவன் பகைவன், நண்பன் வேஷம் போட்டு வருகிறான். அவனிடம் நீயும் வேஷத்தோடு நில் என்கிறார். பரிமேலழகர் உரையில் இன்னும் ஒரு படி உண்டு, சமயம் வாய்க்கும்போது அந்த முகநட்பையும் விட்டுவிட வேண்டும். அதாவது அந்தச் சிரிப்பு ஓர் இடைக்கால ஏற்பாடு. எட்டு ஒன்பது வருஷம் நீட்டிக்கிற சிரிப்பை உரையாசிரியர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

தம்பி முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவர் பகைவரா இல்லையா என்பது. பகைவர் இல்லையென்றால் 830 உங்களுக்கு உதவாது.

கல்வெட்டுப்பித்தன் (திங்கள், 8.40)

ஐயா சொன்ன "அதிகாரத்தின் உறுப்பு" என்பதற்கு நம்ம தஞ்சாவூரே சாட்சி.

1673-இல் மதுரை சொக்கநாத நாயக்கர் தஞ்சாவூரைப் பிடித்தார், விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். பிழைத்தது செங்கமலதாஸ் என்ற சின்னப் பையன். நாகப்பட்டினத்து வணிகர் ஒருவர் வீட்டில் அவன் ஒளிந்து வளர்ந்தான். அவனை அரியணையில் ஏற்றியே தீருவது என்று அலைந்தவர் ராயசம் (அரண்மனை எழுத்தர்) வெங்கண்ணா. பீஜப்பூர் சுல்தான் வரை போய்ப் படை கேட்டார். அங்கிருந்து வந்தவர்தான் ஏகோஜி, சிவாஜிக்குத் தம்பி முறை, அப்பா ஒருவர், அம்மா வேறு. வந்தார், தஞ்சாவூரை மீட்டார், பையனை உட்கார வைத்தார். கதை இதோடு முடிந்திருந்தால் வெங்கண்ணா ஒரு காவிய நாயகன்.

பையன் பட்டத்துக்கு வந்ததும் பெரிய பதவியைத் தன்னை வளர்த்த வணிகருக்குக் கொடுத்தான். வெங்கண்ணாவுக்கு இல்லை. இவர் நேரே ஏகோஜியிடம் போனார், "இந்த நாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஏகோஜி எடுத்துக்கொண்டார். காப்பாற்ற வந்தவர் குடியேறிவிட்டார். 1855 வரை தஞ்சாவூர் அரியணையில் மராட்டியர்தான்.

இதில் யார் துரோகி? அத்தனை வருஷம் உண்மையாக உழைத்த வெங்கண்ணாவா, உழைத்தவனை மறந்த பையனா, உதவிக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட ஏகோஜியா? வெங்கண்ணாவின் பாசம் நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை. நடிப்பாக இருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

இன்னும் பழசு வேண்டுமா, காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைக் கல்லிலேயே "துரோகிகள்" என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பாருங்கள்: பஞ்சவன் பிரமாதிராஜன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன். இரண்டும் அரசன் கொடுக்கிற பட்டம். பட்டம் வாங்கின கைதான்...

வெண்ணாற்றுக்கரை (திங்கள், 9.05)

சார், சோழர் கல்வெட்டு இருக்கட்டும். என் மடைக்கு வாங்க.

சாக்குமூட்டை (திங்கள், 9.10)

நட்புன்னா பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும்தான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே நட்பு. உறையூர் ராஜா வடக்கிருந்து, அதாவது பட்டினி கிடந்து சாகப்போறார், இவர் பாண்டி நாட்டிலிருந்து கிளம்பி வந்து கூடவே உட்கார்ந்துட்டார். ஏன் அந்த நட்பு நிலைச்சுது? ரெண்டு பேருக்கும் பொது வாய்க்கால் இல்லை. அவ்வளவுதான். ஒரே வாய்க்காலில் வயல் இருந்திருந்தால் அந்தப் புறநானூற்றுப் பாட்டெல்லாம் வேற மாதிரி இருந்திருக்கும்.

தமிழையா மாயவரம் (திங்கள், 9.30)

நீங்கள் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. அந்தக் கோப்பெருஞ்சோழன் படை திரட்டிப் போருக்குக் கிளம்பியதே பெற்ற மகன்கள் மீது. நாட்டில் பங்கு உள்ளவர்கள் எதிரே வந்து நின்றார்கள். எந்தப் பங்கும் இல்லாத புலவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

உளுந்துக்கொடி (திங்கள், 11.00)

மேட்டூர் திறந்தது 2016-இல் செப்டம்பர் 20, சரிதான். 2017-இல் அக்டோபர் 2. 2012-இல் செப்டம்பர் 17. 2020-இல்தான் மறுபடி ஜூன் 12 என்று சரியான தேதிக்குத் திறந்தார்கள். அந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் மடைச் சண்டை, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போன வீடுகள் எத்தனை. மேட்டூர் ஒழுங்காகத் திறந்திருந்தால் உங்கள் நண்பர் இன்றைக்கும் நல்லவர்தான்.

சாக்குமூட்டை (திங்கள், 11.10)

அப்ப துரோகம் பண்ணினது கர்நாடகான்னு சொல்றீங்க?

நெறியாளர் (திங்கள், 11.40)

காவிரிப் பங்கீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். இதற்குக் கீழே வந்த பதினான்கு பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன்.

கும்பகோணம் கணக்கு (திங்கள், இரவு 10.20)

பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்த பிறகுதான் படிக்க முடிந்தது.

அண்ணே, தப்பா நினைக்க வேண்டாம். எல்லாரும் உங்கள் நண்பரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உங்கள் மேல்தான் ஒரு சந்தேகம். இத்தனை வருஷமாக ஏன் கேட்கவில்லை?

எங்கள் கடையில் பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டு விதம். ஒரு விதத்தாரிடம் முதலாளி போன் போட்டுக் கேட்டுவிடுவார். இன்னொரு விதத்தாரிடம் கேட்கவே மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கேட்டா குடுத்துடுவான்மா. குடுத்துட்டா வேற கடைக்குப் போயிடுவான். பாக்கி இருக்கிறவரைக்கும் நம்ம வாசலைத் தாண்டிப் போகமாட்டான்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வியாபாரம் புரிந்தது.

நீங்கள் கேட்காமல் விட்டது பெருந்தன்மையா, பாக்கியா? அவருக்கு உங்களுக்குத் தெரியும் என்று தெரியுமோ தெரியாதோ. ஆனால் ஓடு போட வந்தார், தண்ணீர் சுமந்தார், மூட்டை ஏற்றிவிடுகிறார். நீங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள். நான் கணக்கு எழுதுகிறவள், வரவு எனக்குக் கண்ணில் படும்.

வெண்ணாற்றுக்கரை (திங்கள், 10.45)

அம்மா, எட்டு மூட்டை கண்டவனுக்கு வரவு என்று சொல்கிறீர்களா?

கும்பகோணம் கணக்கு (திங்கள், 10.50)

அந்த நஷ்டம் நிஜம்தான் அண்ணே, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததைத்தான் கேட்கிறேன்.

கடைமடை 58 (செவ்வாய், காலை 5.10)

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் அந்த நண்பர் இடத்தில் இருந்தவன். ஊர் வேறு, வருஷம் வேறு. எங்கள் வாய்க்காலுக்கு ஆறு வருஷம் பொறுப்பில் இருந்தேன். அந்தப் பொறுப்பு என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேலே பெரிய நிலம் வைத்திருப்பவர், அவர் சொன்னால் ஊரில் நாற்பது ஓட்டு. கீழே கடைமடைக்காரர்கள், ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வந்து சேரும் முன்பே கோபம் வந்து சேர்ந்துவிடும். நடுவில் ஷட்டர் திறக்கிற லஸ்கர், பாவம், ஒற்றை ஆள், இருபது மைல் பார்க்க வேண்டும். இருக்கிற தண்ணீர் எல்லாருக்கும் போதாது. யாருக்கோ இல்லை என்று ஆக வேண்டும். யாருக்கு என்பதுதான் பதவி.

சண்டைக்காரன் தண்ணீரில் கை வைக்க முடியாது. அவன் ராத்திரி மடை மேலேயே படுத்திருப்பான், பக்கத்தில் மண்வெட்டி. சந்தேகக்காரன் தண்ணீரிலும் முடியாது, அவன் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பான். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் ஊரில் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவன் ஒருத்தன்தான் இருப்பான். நம்மை நம்புகிறவன். நான் கை வைத்ததும் அப்படி ஒருத்தன் தண்ணீரில்தான்.

வெறுப்பினால் செய்யவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், "இவன் நம்ம ஆள், புரிந்துகொள்வான், பின்னால் வேறு விதத்தில் ஈடு கட்டிவிடலாம்" என்றுதான் தோன்றியது. மற்றவனிடம் எடுத்தால் திருட்டு, இவனிடம் எடுத்தால் கைமாத்து என்று மனசு ஒரு கணக்கு சொல்லும். அந்த நேரத்தில் அது பொய்க்கணக்காகவே தெரியாது.

ஈடு கட்டவும் செய்தேன். அவன் பெண் கல்யாணத்துக்குப் பந்தல் முதல் பாயசம் வரை நின்று செய்தேன். அவன் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. போன ஐப்பசியில் இறந்துவிட்டான். தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

தமிழையா மாயவரம் (செவ்வாய், 6.45)

காலையில் காப்பியை வைத்துக்கொண்டு இதைப் படித்தேன், ஆறிப்போய்விட்டது.

நான் முன்பு 830-ஐச் சொன்னது தப்பான இடம். "பழைமை" அதிகாரத்துக்குப் போயிருக்க வேண்டும். 805:

பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க
நோதக்க நட்டார் செயின்.

நண்பர் நமக்கு நோகும்படி ஒன்று செய்தால், அது அறியாமை, இல்லையென்றால் மிகுந்த உரிமை என்று எடுத்துக்கொள் என்கிறார். முப்பது வருஷம் இதைப் பொறுமைக்கான குறளாகவே நடத்தினேன். "உரிமை எடுத்துக்கொண்டான், விட்டுவிடு" என்று. கடைமடை ஐயா எழுதியதைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது, அந்தப் பெருங்கிழமைதான் குற்றத்துக்கே வழி விட்டிருக்கிறது. "நம்ம ஆள்" என்ற அதே சொல். குறள் நோவு பட்டவனுக்குச் சொன்னது. நோவு கொடுத்தவன் அதைத் தனக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியுமா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஐந்து மதிப்பெண் போதாது.

கல்வெட்டுப்பித்தன் (செவ்வாய், 9.20)

வெங்கண்ணாவும் இதைத்தான் நினைத்திருப்பார் போல. "நான் உண்டாக்கிய அரசு, நான் எடுத்துக் கொடுக்கிறேன்." உரிமை.

சாக்குமூட்டை (செவ்வாய், 9.40)

இன்றைக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. கடைமடை ஐயா, அந்த வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடலாமே?

கடைமடை 58 (செவ்வாய், 8.15 இரவு)

அவன் பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டான். அவனிடம் போய் "உங்க அப்பா வாய்க்காலை நான் அடைத்தேன்" என்று சொன்னால், எந்த வாய்க்கால் என்று கேட்பான்.

வெண்ணாற்றுக்கரை (புதன், இரவு 11.30)

இரண்டு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். கணக்கு அம்மா மேல்தான். "வரவு" என்ற அந்த ஒரு வார்த்தை தூங்கவிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அடைப்பைப் பிடுங்கியபோது அந்தப் பிரியை நான் தூக்கி எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கொட்டகை எரவாணத்தில், கூரை ஓரத்தில், செருகி வைத்தேன். களிமண் காய்ந்து உதிர்ந்துவிட்டது, வைக்கோல் முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஊரில் என்றைக்காவது பேச்சு வந்தால் காட்டலாம் என்று. யாரிடம் காட்ட, என்ன நிரூபிக்க, ஒன்றும் தெரியாது. ஆனால் வைத்திருந்தேன். கஜாவில் கொட்டகை போனபோது அதுவும் போச்சு. மறுநாள் அவன் தென்னை மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் அந்தக் குப்பையில் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. "என்னடா காணோம்?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் எனக்கு ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, உள்ளே ஒரு திருப்தி இருந்தது. நன்றி இல்லை அது. "கட்டுடா, இன்னும் கட்டு" என்கிற திருப்தி. பதவி அவனுக்கு. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மேலே உட்கார்ந்திருந்தது நான்.

இந்த வாரம் அறுப்பு. நாளை மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போகின்றன.

கும்பகோணம் கணக்கு (வியாழன், காலை 7.00)

அண்ணே, நான் எழுதியது கடுமையாகப் போய்விட்டது. ஆனால் அழிக்கவில்லை.

உளுந்துக்கொடி (வியாழன், 7.30)

பனி அதிகம் இந்த வாரம். தார்ப்பாய் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். போன வாரம் எங்கள் பக்கம் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று பாதி மூட்டையைத் திருப்பினார்கள்.

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, மாலை 4.10)

வியாழக்கிழமை மூட்டைகளை இறக்கினேன். முன்னால் ஒன்பது பேர். அவன் மாலையில் வந்தான், வழக்கம்போலத் தோளில் கை. "சொல்லிட்டேன், காலைல உன்னுதுதான் முதல்" என்றான். "வேண்டாம், என் முறை வரட்டும்" என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவனும் நிறுத்திவிட்டான்.

போகவில்லை. என் மூட்டைகள் மேலேயே பக்கத்தில் உட்கார்ந்தான். ராத்திரி பத்து மணி இருக்கும், பனி இறங்கித் தார்ப்பாய் மேல் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. எடை மேடைப் பக்கம் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "அந்த வருஷம் நடு மடையை அடைச்சது நீதானே?"

எந்த வருஷம் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "பிரியைப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"பாப்பேன்னு தெரியும். வலது பக்கம் செருகியிருக்கலாம். கை வரல."

அவ்வளவுதான் அதைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்டானா என்று யாராவது கேட்பீர்கள். கேட்கவில்லை. நானும் எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. என்னிடமும் ஒன்று இருந்தது, எரவாணத்தில் அந்தப் பிரியை வைத்திருந்ததைச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவன் முகம் மாறியது. மடையை அடைத்தது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அதை எடுத்து வைத்திருந்தேன் என்பதுதான் பட்டது. "எங்க அம்மா மாதிரிதான் உங்கம்மாவும், தெரியுமில்ல?" என்றான். எதற்கு அதைச் சொன்னான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து போனான்.

சாக்குமூட்டை (ஞாயிறு, 4.25)

அண்ணே... மூட்டை?

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, 4.40)

வெள்ளிக்கிழமை ஏறவில்லை. சனிக்கிழமை காலை என் முறை வந்து மீட்டர் வைத்தார்கள், பனியில் கிடந்ததால் ஈரம் 18-க்குப் பக்கம் காட்டியது. பிரித்துக் களத்தில் கொட்டிக் காய வைத்தேன். பதினோரு மணிக்கு அவன் வந்தான். ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலால் நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். நான் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. மூன்று மணிக்கு 16.8. ஏறிவிட்டது.